கைபற்றிய குற்றம்

தீபாவளிக்கு வெடியையும் புத்தாண்டுக்கு நாட்காட்டியையும் நாடெங்கும் அனுப்பும் சிவகாசி, ஜூன் மாதத்திற்குப் பள்ளி நாட்குறிப்பேடுகளையும் அச்சிட்டு அனுப்புகிறது. முதற்பக்கத்தில் பள்ளியின் இலச்சினை, அடுத்துக் காலைச் செபம், அடுத்துத் தாளாளரின் வாழ்த்துரை, அதன்பின் ஒழுங்கு விதிகள். நம் கைக்கு வந்த குறிப்பேடுகள் பலவற்றில் அவ்விதிகளுள் ஒன்று தவறாமல் இடம்பெற்றிருக்கக் காண்கிறோம். மாணவரும் மாணவியரும் தனித்து நின்று உரையாடுவதும், தொட்டுப் பேசுவதும், கைகோர்ப்பதும், மடல்கள் பரிமாறுவதும் கடுங்குற்றம். அக்குற்றம் செய்வோர் முன்னறிவிப்பின்றிப் பள்ளியினின்று நீக்கப்படுவர் என்பதே அவ்விதி. ஒரு காலத்தில் அதை நாமே நம் கையால் எழுதினோம். ‘குற்றம்’ என்றிருந்த சொல்லைக் ‘கடுங்குற்றம்’ என்று திருத்தியவர்களும் நாமே. ஆகவே இக்கட்டுரையில் யாரையேனும் கடிந்துகொள்வோமாயின், அதில் முதற்பங்கு நமக்கே உரியது.

அண்டை மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வாசகர்களுக்கு முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் நாள், திருவனந்தபுரத்தில் உள்ள செயின்ட் தாமஸ் சென்ட்ரல் பள்ளியில் கலைப்போட்டி ஒன்று நடைபெற்றது. பாடி முடித்து வந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அணைத்துப் பாராட்டினான். ஆசிரியர் கண்ணில் அது பட்டது. இருவரும் பள்ளிக்கு வரலாகாது என்று நிறுத்தப்பட்டனர். சமூக வலைத்தளத்தில் இருந்த அவர்களுடைய படங்களும் தேடியெடுக்கப்பட்டுக் குற்றச்சாட்டோடு சேர்க்கப்பட்டன. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாணவனை மீண்டும் வகுப்பில் அமர்த்தச் சொன்னது. பள்ளியோ உயர்நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம், பள்ளியின் ஒழுங்கைக் காக்கும் அதிகாரம் முதல்வருக்கு உரியது என்று கூறி ஆணையத்தின் கட்டளையை விலக்கியது. செய்தி நாடெங்கும் பரவிற்று. அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் இரு தரப்பாரிடமும் பேசினார். 2018 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. மாணவன் பொதுத்தேர்வு எழுதினான். 90 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண்ணும் பெற்றான்.

நீதிமன்றத்தின் தீர்ப்போடு நமக்குப் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை. அதிகாரம் யாருக்கு உண்டு என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு விடை கிடைத்தது. அந்த அதிகாரத்தை அவ்விதம் செலுத்தியது கிறிஸ்தவத்திற்கு ஏற்குமா என்ற கேள்வி நீதிபதிக்கு உரியதன்று. அது நமக்கு உரியது. அப்பள்ளி தாங்கியிருக்கும் பெயரையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம். தொட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த சீடரின் பெயர் அது. உயிர்த்த ஆண்டவர் அவரை வெளியே நிறுத்தவில்லை. விரலை இங்கே இடு என்று தம் விலாவைக் காட்டினார்.

இருக்கட்டும். திருவனந்தபுரத்துப் பிள்ளைகளுக்காக நாம் அழவேண்டியதில்லை. அவர்களுக்கு வழக்காடும் பெற்றோர் இருந்தனர், ஆணையம் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார். அதே விதி விருதுநகருக்கும் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் வரும்போது என்ன ஆகிறது என்பதே நம் கவலை. இங்கே தண்டனையைப் பள்ளி தொடங்கி வைப்பதோடு சரி. அதை முடித்து வைப்பவர்கள் வேறு.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஒரு பங்கில் நாம் தாளாளராக இருந்தபோது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய், மருந்து கலக்கும் அறையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் கருகிப் போனார். மூன்று நாள் மருத்துவமனையில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. அடக்கத் திருப்பலியை நாம்தான் நிறைவேற்றினோம். பத்து நாள் கழித்துப் பையன் பள்ளிக்கு வந்தான். இடைவேளையில் தாழ்வாரத்துத் தூணருகே அவன் அழுதுகொண்டு நிற்க, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவன் இரு கைகளையும் பற்றிக்கொண்டு தானும் அழுதிருக்கிறாள். மணி அடித்த பிறகும் கையை விடவில்லை. வகுப்பாசிரியர் இருவரையும் நம் அறைக்கு அழைத்து வந்தார். நாம் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; விதியை மட்டும் வாசித்துக் காட்டினோம். பெண்ணின் தந்தைக்குக் கடிதம் எழுதினோம். கடிதத்தில் நடந்தது என்னவென்று விளக்காமல், விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, ‘ஒழுக்கக் குறைவு’ என்ற சொற்களை மட்டும் எழுதினோம். மரியாதையாக எழுதியதாகவே அன்று நினைத்தோம்.

பையன் காலனியைச் சேர்ந்தவன். பெண் ஊர்த்தெருவைச் சேர்ந்தவள். இருவரும் நம் பங்கின் பிள்ளைகளே, ஒரே பீடத்தில் புதுநன்மை வாங்கியவர்களே. கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் தந்தை வந்து மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மகளை வேறு எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தி, வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலையில் வைத்தார். அடுத்த ஆண்டு நாம் வேறு பங்கிற்கு மாற்றலாகிப் போனோம்.

பல ஆண்டுகள் கழித்துக் காமநாயக்கன்பட்டி அன்னையின் ஆகஸ்டுத் திருவிழாக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து தோத்திரம் சொன்னாள். நமக்கு அடையாளம் தெரியவில்லை. அவளே சொன்னாள்: “சாமி, எங்க அம்மாவும் அவன் அம்மாவும் ஒரே வேன்லதான் வேலைக்குப் போவாங்க. அன்னைக்கு எங்க அம்மாவுக்குக் காய்ச்சல், போகல. அதான் சாமி அவன் கையப் பிடிச்சேன்.” கோபமாகச் சொல்லவில்லை. அன்று நாம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக் கூடிய பதிலை, காலம் கடந்து, கேளாமலே சொன்னாள். அவ்வளவுதான். பிறகு குழந்தைக்கு ஆசீர் கேட்டாள்.

இந்த வட்டாரத்தின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். 1889ஆம் ஆண்டிலேயே விருதுநகர் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று சத்திரிய வித்தியாசாலையைத் தோற்றுவித்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி அதை வளர்த்தார்கள். காமராசர் படித்த பள்ளி அது. அவரே பின்னாளில் முதலமைச்சராகி, பசித்த பிள்ளைக்குச் சோறிட்டுப் பள்ளிக்கு இழுத்தார். மறுபுறம் 1920களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், கரிசல் காட்டின் வறட்சியில் வேறு பிழைப்பற்ற குடும்பங்களுக்குக் கூலி தந்ததோடு, அவர்களுடைய குழந்தைகளையும் விடியுமுன்னே வண்டியேற்றிக்கொண்டு போயிற்று. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வந்த பிறகே நிலைமை மெல்ல மாறத் தொடங்கிற்று. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அருட்சகோதரியரும் குருக்களும் ஆசிரியர்களும் வீடு வீடாக ஏறி இறங்கி, தாய்மாரிடம் கெஞ்சி, ஒவ்வொரு பிள்ளையாகப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த ஒரு பிள்ளையை ஓர் அஞ்சல் உறையின் விலையில் திண்ணைக்குத் திருப்பி அனுப்பினோம் நாம்.

இந்த மண்ணில் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே சாவைப் பார்த்துவிடுகிறார்கள். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், நாடெங்கும் ஆசிரியர் நாள் கொண்டாடிய அன்று, முதலிப்பட்டி ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் உதவி செய்ய ஓடிச் சென்றவர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. தாயோ தந்தையோ காலையில் வேனில் ஏறும்போது, மாலையில் இறங்குவார்கள் என்ற உறுதி இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, தோழியின் தோளில் கை போடுவதும் தோழனின் கையைப் பற்றுவதும் எந்த ஒழுக்கத்திற்கு ஊறு செய்கின்றன?

இனி, பலருக்கும் கசக்கும் ஒன்றைச் சொல்வோம். இந்த விதியால் நாம் காப்பது கற்பை என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நாம் காப்பது சாதியை. ஐயம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். அத்தை மகனும் மாமன் மகளும் பள்ளி வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசினால் எவரும் நம்மிடம் புகார் கொண்டு வருவதில்லை. முறைப் பிள்ளைகள் என்று சிரித்துக்கொண்டு போவார்கள். தெரு மாறியிருந்தால் மட்டும் அதே பேச்சு ‘ஒழுக்கக் குறைவு’ ஆகிவிடும். பெண்ணை அழைத்துப் போகத் தகப்பன் வருவான். பையனைத் தேடிப் போக நான்கு பேர் கிளம்புவார்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருச்செங்கோட்டு மலைக்கோவிலில் கல்லூரித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தான் என்ற ஒரே காரணத்திற்காக ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞன் ஒருவன் கடத்திச் செல்லப்பட்டுக் கொலையுண்டதை நாடு மறக்கவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அவ்வழக்கில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நம் பள்ளிகளின் நிலை வேறு என்று யாரேனும் சொல்வார்களாயின், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதையும், அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடைசெய்யுமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்ததையும் நினைவூட்டுவோம். மணிக்கட்டில் கட்டிய கயிற்றைக் கண்டும் காணாமல் இருந்த ஆசிரியர்கள், அதே மணிக்கட்டை வேறொரு கை பற்றினால் மட்டும் ஓடோடி வருவது ஏன்? கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. பள்ளித் தாழ்வாரத்தில் அதே சுவரை ஒழுங்கு என்ற பெயரில் எழுப்பிவிட்டு, மறையுரையில் ‘ஒரே உடல்’ என்று முழங்குகிறோம்.

எதிர்வாதங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. பெற்றோர் நம்பி அனுப்புகிறார்கள். வயதோ பொல்லாத வயது. கைப்பேசி எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருக்கிறது. ஏதேனும் நேர்ந்தால் பள்ளியின் பெயர் என்னாவது? இவற்றில் கடைசிக் கேள்வியைத் தவிர மற்றவை நேர்மையானவை. வரம்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விரும்பாதவளைத் தொடுபவனை, படம் பிடித்து மிரட்டுபவனை, இளையவனை மூத்தவன் வதைப்பதைப் பள்ளி ஒருநாளும் பொறுக்கலாகாது. 18 வயது நிரம்பாத பிள்ளைகளைக் காக்க 2012ஆம் ஆண்டில் வந்த சட்டம் கடுமையானது. அது கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் அச்சட்டத்தைக் கையாளும் நீதிமன்றமே பகுத்துப் பார்க்கிறது. வளரிளம் பருவத்தினர் தமக்குள் கொள்ளும் ஈர்ப்பைக் குற்றமாக்குவது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 சனவரியில் தீர்ப்பளித்தார். நீதிமன்றத்திற்கு இருக்கும் பகுத்தறிவு மறைப்பணிப் பள்ளிக்கு இருக்கக் கூடாதா?

நம் விதியில் பகுப்பே இல்லை என்பதுதான் அதன் பெருங்கேடு. வதைக்கும் தொடுதலையும் தேற்றும் தொடுதலையும் அது ஒரே வரியில் வைக்கிறது. விளைவு என்ன? தொடப்படுவதே குற்றம் என்று கற்ற பெண், தன்னை உண்மையிலேயே ஒருவன் தகாத முறையில் தொடும்போது அதை வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் தனக்கும் சேர்த்துத் தண்டனை வரும் என்று அஞ்சுவாள். பிள்ளைகளின் வாயை அடைக்கும் எந்த விதியும் கயவனுக்கே காவல். இதைச் சொல்லும் தகுதி குருக்களாகிய நமக்குக் குறைவு என்பதை அறிவோம். நம்மவருள் சிலர் உலகின் பல பகுதிகளில் சிறுவர்க்கு இழைத்த கொடுமைகளும், அவற்றை மூடி மறைத்த மேலாளர்களின் மௌனமும் வெளிவந்து, 2019ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் புகார்களைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அந்த மௌனத்திற்கும் ‘பள்ளியின் பெயர்’ என்ற கவலைக்கும் பிறப்பிடம் ஒன்றே.

இன்னொரு முரணும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் உள்ளம் நோக வதைப்பதையும் தடை செய்கிறது. ஆயினும் பிரம்போடு சுற்றும் ஆசிரியரை ‘கண்டிப்பானவர்’ என்று ஆண்டு விழாவில் பாராட்டுகிறோம். காதைத் திருகத் தொடலாம், கன்னத்தில் அறையத் தொடலாம், கண்ணீரைத் துடைக்கத் தொட்டால் மாற்றுச் சான்றிதழா?

தொன் போஸ்கோவை மேற்கோள் காட்டாத கத்தோலிக்கத் தாளாளர் இல்லை. அவர் தம் இல்லத்தில் சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கை போடுவதைத் தடுத்தவர் என்று நமக்கு எடுத்துக் காட்டிய அன்பர் ஒருவர் உண்டு. மெய்தான், 19ஆம் நூற்றாண்டுத் தூரின் நகரத்து விடுதியின் ஒழுங்கு அது. ஆனால் அதே போஸ்கோ, 1884ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு எழுதிய மடலில், பிள்ளைகளை நேசிப்பது மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்களே உணர வேண்டும் என்று மன்றாடுகிறார். அவருடைய மனக்குறை பிள்ளைகள் விதியை மீறுகிறார்கள் என்பதன்று. மேலாளர்கள் விளையாட்டுத் திடலுக்கு வராமல் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதே. போஸ்கோவிடமிருந்து விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, திடலை விட்டுவிட்டோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடு, வளரும் பிள்ளைகளுக்குப் பாலியல் பற்றிய நேரிய, விவேகமான கல்வி தரப்பட வேண்டும் என்று அன்றே கூறிற்று. அதை நம் பள்ளிகளில் எத்தனை நடைமுறைப்படுத்தின என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்காத குறையாகக் கேட்டார். நாமோ அக்கல்விக்குப் பதிலாக ஒரு விதியை அச்சிட்டோம். அச்சுச் செலவு குறைவு அல்லவா?

லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வரும் பரிசேயர் சீமோனை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். ஆண்டவரின் காலடியில் ஒரு பெண் அழுகிறாள், கூந்தலால் துடைக்கிறாள், முத்தமிடுகிறாள். சீமோன் கண்டது தொடுதலை மட்டுமே. இவள் எப்படிப்பட்டவள் என்று மனத்திற்குள் விதியை வாசித்துக்கொண்டார். ஆண்டவரோ அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: இப்பெண்ணைப் பார்க்கிறாயே? அந்தத் தாழ்வாரத்துத் தூணருகே நின்ற பெண்ணை நாம் பார்க்கவில்லை.

பொதுநிலையினராகிய வாசகர்களுக்கும் ஒரு சொல். தாளாளர் தானாக இவ்விதிகளை எழுதுவதில்லை. சேர்க்கைக் காலத்தில் ‘சாமி, உங்க பள்ளியில கண்டிப்பு எப்படி?’ என்று கேட்டு வருபவர்கள் நீங்கள்தாம். பக்கத்துத் தனியார் பள்ளியில் பையனும் பெண்ணும் பேசினாலே தண்டம் கட்ட வேண்டுமாம் என்று மெச்சிச் சொல்பவர்களும் நீங்கள்தாம். உங்கள் மகளை அடுத்த தெருப் பையனிடமிருந்து காக்கும் வேலையை எங்களிடம் ஒப்படைக்கிறீர்கள். அந்த வேலைக்கு நாங்களும் இத்தனை நாள் உடன்பட்டோம்.

இந்த ஆண்டு நம் பங்குப் பள்ளியின் நாட்குறிப்பேட்டிலிருந்து அவ்விதியை அடித்துவிட்டோம். அதனிடத்தில், ஒருவரின் விருப்பமின்றி அவரைத் தொடுவதும், மிரட்டுவதும், படமெடுப்பதும் குற்றம் என்றும், அத்தகைய துன்பம் நேர்ந்தால் எந்த ஆசிரியையிடம் சொல்ல வேண்டும், 1098 என்ற எண்ணை எப்படி அழைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். பிள்ளைகளின் நட்பைப் பற்றி வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் வழக்கம் இனி இல்லை. பேச வேண்டியிருந்தால் பிள்ளையோடு முதலில் பேசப்படும். நட்பின் பேரால் எந்தப் பெண்ணுக்கும் மாற்றுச் சான்றிதழ் கிடையாது. தந்தையே வந்து கேட்டாலும், மகளைத் தனியே அழைத்து அவள் வாயால் கேட்காமல் நாம் கையெழுத்திட மாட்டோம். சட்டம் இதற்கு இடம் தருமா என்று பங்குப் பேரவைச் செயலர் கேட்டார். தாமதப்படுத்தவாவது இடம் தரும் என்றோம்.

ஆசிரியர்களில் இருவர் மனம் ஒப்பவில்லை. சேர்க்கை குறையும் என்று பேரவையில் ஒருவர் எச்சரித்தார், குறையலாம். அச்சகத்திலிருந்து திருத்தப்படி நேற்று வந்திருக்கிறது. பழைய விதி நீங்கிய இடத்தில் நான்கு வரி வெற்றிடம் விழுந்திருக்கிறது, அதை என்ன செய்வது என்று அச்சுக்கோப்பவர் ஓரத்தில் கேட்டு எழுதியிருக்கிறார். வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதன்பிறகே படியைத் திருப்பி அனுப்புவோம்.